ஒரு மணிக்கு மட்டும் வேகமெடுக்கும் தெரு

அத்தியாயம் 4

"பொய்க் கணக்கு எழுதறவர் நடுவுல சாப்பாட்டுக்கு எழுந்து போக மாட்டார்," என்றாள் அக்கா.

நகராட்சி ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சர்வேயர் நிமிர்ந்து பார்த்தார். நேற்றிலிருந்து அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாளைக் காலை பதினொரு மணிக்கு அவர் மேல் விசாரணை. நகராட்சியில் பதினெட்டு வருஷ வேலை, ஒரு புகாரில் போய்விடும்போல இருந்தது. தன் பேச்சை நம்புகிற மாதிரி ஒரு ஆள் பேசியதே அவருக்குப் புதுசாக இருந்தது.

"சாப்பாட்டுக்கு எழுந்து போறதுல கெட்டிக்காரன் நான்தான் மேடம். என்னையும் சந்தேகப் பட்டியல்ல சேர்த்துக்குங்க," என்றான் ரேடியோ.

ரேடியோவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. முப்பத்துநாலு வயசில், விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறவனை உலகம் வேறெப்படிக் கூப்பிடும்? அக்கா அவனுக்குப் பெரியம்மா மகள். துப்பறியும் நிறுவனம் அவளுடையது. மொத்த ஊழியர் ரேடியோ ஒருவன். வெளி ஆள் எதிரில் அவள் மேடம். கார் கதவு சாத்தினால் அக்கா. இந்த ஒப்பந்தம் ஒன்பது வருஷமாகச் சண்டையில்லாமல் ஓடுகிறது.

வழக்கு இவ்வளவுதான். குடியிருப்புத் தெரு ஒன்று. வேக வரம்பு மணிக்கு முப்பது கிலோமீட்டர். வண்டிகள் அதை மதிப்பதே இல்லை. கணக்கு டீச்சர் ஒருத்தி வீடு வீடாக ஏறி நாற்பத்தொரு கையெழுத்து வாங்கி, வேகத்தடை வேண்டும் என்று மனு கொடுத்தாள். நகராட்சி ஜூன் மாதம் அளந்து பார்த்தது. இந்தத் தெருவில் எல்லாரும் மெதுவாகத்தான் போகிறார்கள், வேகத்தடை தேவையில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டது. போன மாதம் அதே தெருவில் அதே டீச்சரின் எட்டு வயசுப் பையன் மேல் ஒரு கார் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சர்வேயர் யாரிடமோ கை நீட்டிக் கணக்கை மாற்றிவிட்டார் என்று டீச்சர் புகார் எழுதினாள். நேற்று சாயங்காலம், நிரூபிக்க ஆள் வேண்டும் என்று அக்காவிடம் வந்தாள். அந்த நேரம் ரேடியோ வேறு வேலையாகக் கோர்ட்டுக்குப் போயிருந்தான். எந்தத் தெரு, என்ன தேதி, ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

"எப்படி அளக்கறீங்க சார்?" என்று அக்கா கேட்டாள்.

"ரோட்டுக்குக் குறுக்கே ரெண்டு கறுப்பு ரப்பர் குழாய் போடுவோம் மேடம். டயர் ஏறினா காத்து தள்ளும். முதல் குழாய்க்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு பெட்டி குறிச்சுக்கும். அதுலேர்ந்து வேகம் வந்துடும். வேலை நாள்ல காலையில ஒன்பதிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் போற வண்டிதான் கணக்கு. நூறு வண்டியில பதினஞ்சு வண்டியாவது நாற்பதைத் தாண்டணும். தாண்டினாத்தான் வேகத்தடை போடுங்கன்னு நான் எழுத முடியும். அங்க வந்தது பன்னெண்டு."

"நடுவுல போய்ப் பார்த்தீங்களா?"

"எங்க மேடம். நாற்பது தெரு, நாலு பெட்டி. திங்கக்கிழமை எட்டு மணிக்குக் கட்டினேன். சனிக்கிழமை காலையில கழட்டினேன்."

அக்கா தாளை ரேடியோ பக்கம் திருப்பி வைத்தாள். "பாரு. எட்டு மணிக்குச் சராசரி வேகம் அம்பது. ஒன்பதுக்கு இருபத்திமூணு. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு எல்லாம் இருபத்திமூணு, இருபத்திநாலு. ஒரு மணிக்கு அம்பத்தொண்ணு. ஒண்ணே முக்காலுக்கு மறுபடி இருபத்திமூணு. ஆறு மணிக்கு மேல அம்பது. அஞ்சு நாளும் இதே கதை. சார் கணக்கை மாத்தியிருந்தா எல்லா மணிக்கும்தானே மாத்தியிருப்பார்? அந்த வாரம் அந்தத் தெருவுல ஏதோ ஒண்ணு வண்டிகளை மெதுவாக்கியிருக்கு. அது ஒன்பது மணிக்கு வேலைக்கு வருது, ஒரு மணிக்குச் சாப்பிடப் போகுது, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகுது."

"அப்ப அரசாங்க உத்தியோகம்தான்," என்று சொல்லிக்கொண்டே ரேடியோ தாளின் தலைப்பைப் படித்தான். தெருவின் பெயர். கீழே தேதி. ஜூன் மூன்று முதல் ஏழு வரை.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. விரல் தானாக வியாழக்கிழமைக் கட்டத்துக்குப் போனது. அன்று மட்டும் நாலு மணியிலிருந்தே ஐம்பது. நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. அங்கே ஒரு பல் இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்கியது ஜூன் மாதம், முதல் வியாழக்கிழமை, மாலை நாலரை மணிக்கு.

"வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பியிருக்கு. என்ன அவசரமோ," என்றாள் அக்கா, தாளை மடித்துக்கொண்டே.



காரில் ஏறிய பிறகும் அவன் பேசவில்லை. அக்கா ஓட்டினாள். அவன் ஜன்னல் வழியாகக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்றும் மனசில் பதியவில்லை.

ஜூன் முதல் வாரம் அந்தத் தெருவில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தது அவன்தான். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த வேலை. முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருக்கிறேன் என்று பணம் கேட்ட ஒரு ஆள், நிஜமாகவே படுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு வாடகை வேனை அவர் வீட்டுக்கு எதிரே ஓரமாக நிறுத்தினான். ஒரே வேன் ஐந்து நாள் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை, மூக்குக்கு மேல் கட்டிய துணி, வேனுக்கு முன்னால் இரண்டு கூம்பு, ஒரு போர்டு. "சாலைப் பணி நடைபெறுகிறது. மெதுவாகச் செல்லவும்." ரோடு வேலை செய்கிறவனை யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்தக் குழாய்கள்தான். ரோட்டுக்குக் குறுக்கே ஏதோ கறுப்புக் குழாய் கிடக்கிறது, கம்பத்தில் ஏதோ பெட்டி தொங்குகிறது, பக்கத்தில் வேனை நிறுத்தினால் அசல் வேலை மாதிரியே இருக்கும் என்று குதூகலப்பட்டான். அக்காவுக்கு ஃபோன் போட்டுப் பெருமையாகச் சொல்லவும் செய்தான். அந்த ஆள் கடைசி வரை படுக்கையை விட்டு எழவில்லை. "படுத்தே இருக்கிறார்" என்று ஒரு வரி அறிக்கை எழுதிக் கொடுத்து வேலையை முடித்தார்கள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். சொன்னால் என்ன ஆகும்? போலி போர்டு வைத்து ரோட்டை மறித்தது குற்றம். நிறுவனத்தின் லைசென்ஸ் போகும். அக்கா ஒன்பது வருஷம் கட்டியது. சொல்லாவிட்டால் சர்வேயர் வேலை போகும். வேனையும் போர்டையும் தங்களோடு சேர்த்துச் சொல்ல ஒரு சாட்சிகூட இல்லை. இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என்னடா, இன்னிக்கு ஒலிபரப்பே இல்லை?" என்றாள் அக்கா.

"பல்லு வலிக்குது."

"பிடுங்கின பல்லா?"

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

தெரு மாறவே இல்லை. பெட்டி தொங்கிய விளக்குக் கம்பத்துக்கு நேர் எதிரே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

"ஜூன் மாசம் இந்தக் கம்பத்துல ஒரு பெட்டி கட்டியிருந்தாங்களே. அந்த வாரம் இங்க வேற ஏதாவது வேலை நடந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"நடந்துச்சும்மா. வேன் ஒண்ணு நின்னுச்சு. போர்டு, கூம்பு எல்லாம் வச்சு பாதி ரோட்டை அடைச்சிருந்தாங்க. ஆனா ஒரு மண்வெட்டி ரோட்டுல படலை. ஒருத்தன் அஞ்சு நாளும் உள்ள உட்கார்ந்து ஃபோன்ல பேசிக்கிட்டே இருந்தான். அடேயப்பா, என்னா வாய். எனக்குக் காது வலிச்சுது. ரோட்டைத் தோண்டலை, எங்க காதைத்தான் தோண்டினான்."

"ஆளைப் பார்த்தா அடையாளம் சொல்வீங்களா?"

"முகத்துல துணி கட்டியிருந்தானே." கடைக்காரர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தார். அப்படியே ரேடியோவைப் பார்த்துத் தாடையால் காட்டினார். "உயரம் என்னவோ இந்தத் தம்பி உயரம்தான். ஆனா இந்தத் தம்பி மாதிரி அடக்கமான ஆள் இல்லை."

அக்கா திரும்பி ரேடியோவை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அங்கே நடுத்தெருவில், பெயின்ட் பாதி அழிந்த 30 என்ற எண் கிடந்தது. அதன் மேல் ஒரு கார் விருட்டென்று போனது.

"வேன் நின்ன வாரம் எப்படி இருந்துச்சு?" என்றாள் அக்கா.

"சொர்க்கம்மா. எல்லாரும் ஊர்ந்துதான் போனாங்க. அவன் மத்தியானம் போர்டைத் தூக்கி வேனுக்குள்ள போட்டுக்கிட்டுச் சாப்பிடப் போவான். அவ்வளவுதான், மறுபடி ரேஸ். நாங்க எல்லாம் வேகத்தடைக்குத்தான் வேலை தொடங்கிட்டாங்கன்னு நினைச்சோம். டீச்சர் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போச்சு. பாவம்."

டீச்சர் வீடு நாலு கதவு தள்ளி இருந்தது. கதவைத் திறந்த பெண்ணை ரேடியோவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஜூன் ஐந்தாம் தேதி, புதன்கிழமை, மாலை ஐந்தரை மணி. பள்ளிக்கூடத்துப் பையைத் தோளில் மாட்டியபடி இதே பெண் வேன் ஜன்னலுக்கு வந்து ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் நீட்டினாள். "வெயில்ல உட்கார்ந்திருக்கீங்களே. எங்க வேகத்தடைக்குத்தானே வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவனால் என்றைக்குப் பேசாமல் இருக்க முடிந்தது? "ஆமா டீச்சர், சீக்கிரம் வந்துடும்" என்று வாக்குக் கொடுத்தான். தண்ணீரையும் முழுசாகக் குடித்தான்.

குரலை அடையாளம் கண்டுவிடுவாளோ என்று பயந்து இப்போது கும்பிடு மட்டும் போட்டான்.

முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாவுக்கட்டு தொடை வரைக்கும் இருந்தது. கையில் ஸ்டாப்வாட்ச் கடிகாரம், மடியில் கணக்கு நோட்டு.

"அவனுக்குப் பொழுது போகணுமே. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல தூரம் அளந்து கொடுத்துட்டேன். வண்டி எவ்வளவு நேரத்துல கடக்குதுன்னு பார்த்து வேகம் போட்டுக்கிட்டே இருப்பான்," என்றாள் டீச்சர்.

"அங்கிள், இப்ப போனது அம்பத்தெட்டு," என்று பையன் நோட்டைக் காட்டினான். பக்கம் பக்கமாக எண்கள். "முப்பதுக்குக் கீழ இன்னிக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணு சைக்கிள். இன்னொண்ணு நீங்க வந்த கார்."

"நான் கார்ல ஒரு ஃபைலை விட்டுட்டேன்," என்று முணுமுணுத்துவிட்டு ரேடியோ வெளியே வந்துவிட்டான். ஃபைல் என்று எதுவும் இல்லை. கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். கண் எரிந்தது.

பின்னாலேயே அக்கா வந்தாள்.

"டிக்கியைத் திற," என்றாள்.

"எதுக்கு?"

"திறடா."

திறந்தான். ஸ்டெப்னிக்கு மேல் ஒரு பழைய போர்வை. விலக்கிப் பார்த்தான். மஞ்சள் போர்டு. சாலைப் பணி நடைபெறுகிறது. மெதுவாகச் செல்லவும்.

ரேடியோ அவளையே பார்த்தான். ஆபீஸ் பின்னறையில் கிடந்த போர்டு இது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலமே. டீச்சர் அந்தக் கடிதத்தைக் கொடுத்துட்டுப் போனதும் தேதியைப் பார்த்தேன். என் டைரியை எடுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு உன்னைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனதே நான்தானே. கன்னம் பன்னு மாதிரி வீங்கி இருந்துச்சு."

"அப்ப ஏன் காலையிலேர்ந்து ஒண்ணும் தெரியாத மாதிரி..."

"நம்மளா இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் அதுவும் போச்சு." அவள் குரல் இறங்கியது. "அப்புறம், நீயா சொல்றியான்னு பார்த்தேன். உனக்குச் சோதனை வச்சேன்னு நினைச்சுக்காதே. எனக்கே சொல்ல வாய் வரலை. நீ ஆரம்பிச்சா நான் முடிச்சுடலாம்னு பார்த்தேன். நீ கோழைன்னா நானும்தான்."

"தப்பு என்னுதுக்கா. இடம் நான்தான் பார்த்தேன்."

"நீ வெறும் கூம்பு போதும்னு சொன்னே. போர்டும் வைடா, அப்பத்தான் அசலா இருக்கும்னு ஃபோன்ல சொன்னது யாரு? குழாய்க்குப் பக்கத்துலயே வைன்னு சொன்னது யாரு?"

அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை.

"லைசென்ஸ் போயிடும்," என்றான்.

"போகட்டும். அந்த மனுஷன் பதினெட்டு வருஷ வேலையைத் தின்னுட்டு நாம லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டிக்கிட்டு உட்கார முடியுமா? வாக்குமூலம் ரெண்டு காப்பி எழுதி வச்சிருக்கேன். கீழ என் கையெழுத்து இருக்கு. உனக்கு இடம் விட்டிருக்கேன்."

ரேடியோ டிக்கி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்தில் அவனுடைய முழுப் பேரும் இருந்தது.

உள்ளே போய் டீச்சரிடம் சொன்னது அவன்தான். அக்கா வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேன், போர்டு, கூம்பு, சாப்பாட்டு நேரம், பல், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னான். ஒரு தமாஷ்கூட வரவில்லை. சொல்லி முடித்ததும், "அந்தத் தண்ணி குடிச்சதும் நான்தான் டீச்சர்," என்றான்.

டீச்சர் சர்வே தாளை வாங்கி, பையனின் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

"போர்டு இருந்தப்ப இருபத்திமூணு. இல்லாதப்ப அம்பத்தொண்ணு," என்றாள். "இந்தத் தெருவுல ஒரு தடை வச்சா வேகம் பாதிக்கு மேல குறையும்னு இதுக்கு மேல யாரும் நிரூபிக்க வேண்டாம். அஞ்சு நாள் பரிசோதனையே நடந்திருக்கு. எங்களுக்குத்தான் தெரியலை."

"நாளைக்கு விசாரணையில இதைத்தான் வைக்கப் போறோம்," என்றாள் அக்கா. "எங்க வாக்குமூலத்தோட. சர்வேயர் மேல தப்பில்லை."

"புகாரை இப்பவே வாபஸ் வாங்கி எழுதித் தரேன். நல்ல மனுஷனை என்னென்னவோ எழுதிட்டேன்." டீச்சர் தாளை மடித்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள். "மனுவைத் தள்ளுபடி பண்ணின கடிதத்துல, அப்பீல் பண்ண பதினஞ்சு நாள் டைம் கொடுத்திருந்தாங்க. நான் பண்ணலை. ஏன் தெரியுமா?"

அவன் தெரியாது என்று தலையசைத்தான்.

"சீக்கிரம் வந்துடும்னு ஒருத்தர் நேர்ல சொல்லிட்டுப் போனாரே, கடிதம்தான் தப்பா வந்திருக்குன்னு நினைச்சேன். பதினாறாவது நாள் இவனை அடிச்சுட்டாங்க."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது ரேடியோவுக்கு. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தான். எந்த வார்த்தையும் அந்த மாவுக்கட்டுப் பக்கத்தில் நிற்காது என்று பட்டது. மூடிக்கொண்டான்.

"நாளைக்கே உத்தரவு ஆனாலும் வேகத்தடை போட எவ்வளவு நாளாகும்?" என்று டீச்சர் அக்காவிடம் கேட்டாள்.

"ஒரு மாசம் ஆகும்னு சர்வேயர் சொன்னார்."

"அடுத்த திங்கக்கிழமை கட்டுப் பிரிச்சுடுவாங்க. அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து ஊன்றுகோலோட ஸ்கூலுக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்கு அஞ்சரை ஆயிடும். இவன் தனியாத்தான் ரோட்டைக் கடக்கணும்." அவள் ரேடியோ பக்கம் திரும்பினாள். "அந்த போர்டு உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

"இருக்கு டீச்சர். கார்லயே இருக்கு."

"இந்தத் தடவை சர்வேயர்கிட்ட முறையா எழுதி வாங்கிக்கிட்டு, அதே இடத்துல வந்து உட்காருங்க. வேகத்தடை போடற வரைக்கும்."

"உட்காருறேன்."

"ஃபோன்ல எவ்வளவு வேணா பேசிக்குங்க. ஒரு மணிக்கு மட்டும் எழுந்து போயிடாதீங்க. அடிபட்ட அன்னிக்கு ஒண்ணு பத்து. இவனுக்கு ஸ்கூல் விடற நேரமே அதுதான்."

ஜன்னலோரம் பையன் கடிகாரத்தை அழுத்தி நோட்டில் ஏதோ எழுதினான். ரேடியோ அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே, "சாப்பாட்டைக் கையோட கட்டிக்கிட்டு வந்துடறேன் டீச்சர்," என்றான்.